முளையமும் மூளையும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரிலே ஒரு மீனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால் உங்களிற் சிலர் வியப்படையலாம். நான் இந்துக் கல்லூரி ஒன்றிலே தமிழ் கற்பிப்பவன். விலங்கியல் என் துறையன்று. ஆயினும், கருவின் வளர்ச்சி பற்றிய சிந்தனை தமிழ் இலக்கியத்துக்குப் புதியதல்ல. மாணிக்கவாசகர் திருவாசகத்திலே, போற்றித் திருவகவலிலே, தாய் வயிற்றில் உள்ள கரு மாதந்தோறும் தப்பிப் பிழைக்கும் இடர்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறார். பிறந்த குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுவதற்குப் பிள்ளைத்தமிழ் என்ற பிரபந்தமே நம்மிடம் உண்டு. ஓருயிர் உருவாகி வருவதைப் பருவம் பருவமாக நின்று பார்க்க விரும்பிய மரபு நம்முடையது. அந்த விருப்பத்தைத் தம் வாழ்நாளின் பிற்பகுதிப் பணியாக ஆக்கிக்கொண்ட விஞ்ஞானி ஒருவரைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் ஜோர்ஜ் ஸ்ட்ரைசிங்கர். 1927 ஆம் ஆண்டு ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ற்றில் யூதக் குடும்பமொன்றிலே பிறந்தவர். நாசிகளின் கொடுமை ஐரோப்பாவைச் சூழ்ந்து வந்த 1930களின் பிற்பகுதியில் அவருடைய குடும்பம் நாட்டை விட்டு வெளியேறி நியூயோர்க் நகரிற் குடியேறியது. சிறு வயதிலே ஊரையும் வீட்டையும் விட்டுப் போதல் எத்தகையது என்பதை நமது நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சிறுவனுக்கு உயிரினங்கள் மேல் அளவற்ற ஆர்வம் இருந்தது. பாடசாலை வயதிலேயே டொப்ஷான்ஸ்கி என்ற பெரும் பரம்பரையியல் அறிஞரோடு பழவீக்கள் பற்றிய ஆராய்ச்சியிற் பங்குகொண்டார். 1944 இல் இருவர் பெயரிலும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அப்போது அவருக்குப் பதினேழு வயதும் நிரம்பவில்லை.

பின்னர் அவர் எடுத்துக்கொண்ட பொருள், பற்றீரியாவைத் தாக்கும் மிக நுண்ணிய வைரசுகள். 1960 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஒரேகன் பல்கலைக்கழகத்தில், யூஜின் என்னும் சிறு நகரில், பணியேற்றார். அங்கிருந்து அவர் செய்த ஆராய்ச்சிகளுள் ஒன்று தமிழாசிரியனாகிய எனக்கு மிகவும் பிடித்தமானது. அதைச் சற்று விளக்குகிறேன்.

உயிரின் பரம்பரைச் செய்தி டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையிலே எழுதப்பட்டிருக்கிறது. அதை உயிர்க்கலம் மும்மூன்று எழுத்துகளாகப் பிரித்து வாசிக்கிறது. ‘மரம் பழம் கடல்’ என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று எழுத்துகள். முதற் சொல்லில் ‘ர’ என்ற ஓரெழுத்து விடுபட்டது என்று வையுங்கள். மும்மூன்றாகவே வாசிக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் ‘மம்ப ழம்க டல்’ என்றல்லவா ஆகும்? விடுபட்டது ஓரெழுத்து, பொருள் இழந்தது வரி முழுவதும். இத்தகைய பிழை எப்படி நேர்கிறது என்பதற்கு ஸ்ட்ரைசிங்கரும் அவருடைய சகாக்களும் 1966 இல் ஒரு விளக்கம் கூறினர். ஒரே எழுத்து அடுத்தடுத்து வருமிடத்திலே, படியெடுக்கும்போது இழை சற்று வழுக்கி, ஒன்று குறைந்தோ கூடியோ விடும் என்பதே அது. ஏட்டுச் சுவடிகளோடு பழகியவர்களுக்கு இது புதிதன்று. ஒரே எழுத்தோ சொல்லோ இரட்டித்து வருமிடத்தில் ஏடெழுதுவோர் கண் தவறுவதும், பாடபேதம் பிறப்பதும் நாம் அறிந்தவையே. இயற்கையும் அதே இடத்திற்றான் கை தவறுகிறது.

இந்த ஆராய்ச்சிகளால் அவர் பெயர் நிலைபெற்றுவிட்டது. அத்துறையிலேயே இருந்திருந்தால் ஆண்டுதோறும் கட்டுரைகள் வெளியிட்டுப் புகழோடு வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1960களின் பிற்பகுதியில் அவர் அதை விட்டு விலகினார். வைரசுக்கு மூளை இல்லை. அவருக்கோ, மூளை எப்படி உருவாகிறது என்று அறியும் ஆவல் ஏற்பட்டிருந்தது. ஒரேயொரு கலமாக இருந்த கருவிலிருந்து, கோடிக்கணக்கான நரம்புக்கலங்கள் முறை பிறழாது இணைந்த ஓர் உறுப்பு எவ்வாறு எழுகிறது? அதற்கான கட்டளைகள் பரம்பரையலகுகளில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன?

அக்காலத்தில் வைரசு ஆராய்ச்சியிலிருந்து நரம்புத் தொகுதியை நோக்கித் திரும்பியவர் அவர் மட்டுமல்லர். சிட்னி பிரென்னர் ஒரு சிறு புழுவைத் தெரிவு செய்தார். சீமோர் பென்சர் பழவீயைத் தெரிவு செய்தார். ஸ்ட்ரைசிங்கரோ மனிதனைப் போல முள்ளந்தண்டு உடைய ஓர் உயிரே வேண்டும் என்றார். வீட்டிலே அலங்கார மீன் வளர்ப்பதில் ஈடுபாடு கொண்டிருந்த அவருடைய கண் ஒரு சின்னஞ்சிறு மீனிலே பதிந்தது.

ஆங்கிலத்தில் அதனைச் சீப்ரா மீன் என்பர். வரிக்குதிரையின் கோடுகளைப் போல உடலில் நீல வரிகள் ஓடுவதால் அந்தப் பெயர். நான் வரிமீன் என்றே சொல்லிக்கொள்கிறேன். நான்கு சென்ரிமீற்றர் நீளந்தான் இருக்கும். இந்த மீன் அமெரிக்காவுக்கு உரியதன்று. இந்தியா, நேபாளம், வங்காளதேசம் ஆகிய நாடுகளின் ஓடைகளிலும் வயல் நீரிலும் வாழ்வது. கங்கையாற்று மீன்களைப் பற்றி 1822 இல் நூலொன்று வெளியிட்ட பிரான்சிஸ் ஹமில்ற்றன் என்ற பிரித்தானிய மருத்துவரே இதனை முதலில் விவரித்து விஞ்ஞானப் பெயரிட்டார். அதன்பின் அது கண்ணாடித் தொட்டிகளில் வளரும் மலிவான அலங்கார மீனாக உலகைச் சுற்றியது. ஸ்ட்ரைசிங்கர் தமது ஆய்வுக்குரிய மீன்களிற் சிலவற்றை ஒரேகனிலுள்ள அல்பனி என்ற ஊரின் செல்லப்பிராணிக் கடையொன்றிலேதான் வாங்கினார். அவற்றின் வழிவந்த இனம் ‘ஏபி’ என்ற பெயரோடு உலகின் பல ஆய்வுகூடங்களிற் பரவியிருக்கிறது.

இந்த மீனில் என்ன சிறப்பு? தாயின் வயிற்றுக்குள்ளே நிகழ்வதை நம்மாற் காண முடிவதில்லை. கோழி முட்டைக்கோ ஓடு உண்டு. வரிமீனின் முட்டையோ தாயின் உடலுக்கு வெளியே, தண்ணீரிலே கருக்கட்டுகிறது; முளையம் பளிங்கு போலத் தெளிந்தது. கருவின் தொடக்க நிலையைக் குறிக்க, முளை என்பதிலிருந்து முளையம் என்ற சொல்லை ஆக்கியவர் நற்றமிழ் அறிந்தவராகவே இருக்க வேண்டும். முளையத்துக்கும் மூளைக்கும் இடையே எழுத்தளவில் வேறுபாடு சிறிதுதான். அந்தச் சிறு தூரத்தை ஓர் உயிர் எப்படிக் கடக்கிறது என்பதைக் கண்ணாலே காணக் கிடைத்த சாளரம் இந்த மீன்.

நுணுக்குக்காட்டியின் கீழே நாம் காணக்கூடியதைச் சொல்கிறேன். கருக்கட்டி முக்கால் மணி நேரத்தில் ஒரு கலம் இரண்டாகிறது. பின்னர் ஏறத்தாழ ஒவ்வொரு கால்மணி நேரத்திலும் இரண்டு நான்காக, நான்கு எட்டாக இரட்டிக்கிறது. பத்து மணி நேரமாகும்போது முதுகுப் பக்கத்தில் மூளைக்கும் முண்ணாணுக்கும் உரிய தகடு தெரிகிறது. ஒரு நாள் நிறையும்போது முன்மூளை, நடுமூளை, பின்மூளை ஆகியவை பிரிந்து தெரிகின்றன, கண்கள் உருவாகியிருக்கின்றன, இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூன்றாம் நாளளவில் முட்டையை விட்டு வெளியேறுகிறது. ஐந்தாம் நாள் இரை தேடி நீந்துகிறது. மனித முளையத்தில் மூன்றாம், நான்காம் வாரங்களில் நடப்பவை இங்கே ஒரே நாளில், கண் முன்னே நடந்து முடிந்துவிடுகின்றன.

ஆனால், பார்ப்பது மட்டும் ஸ்ட்ரைசிங்கருக்குப் போதவில்லை. எந்தப் பரம்பரையலகு எந்த வேலையைச் செய்கிறது என்று அறிய வேண்டுமாயின், அது பழுதடைந்த மீனைக் காண வேண்டும். இங்கேதான் ஒரு பெருந்தடை. ஒவ்வொரு பரம்பரையலகும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு படிகளாக இருக்கிறது. ஒன்று பழுதானாலும் மற்றது அதை மறைத்துவிடும். இந்த மறைப்பை நீக்க அவர் கண்ட வழி வியப்புக்குரியது. ஆண் மீனின் விந்தை ஊதாக்கடந்த கதிர்களுக்கு உட்படுத்தினார். அதிலுள்ள பரம்பரைப் பொருள் சிதைந்தது. முட்டையைத் தட்டியெழுப்பும் ஆற்றல் மட்டும் எஞ்சியது. அவ்வாறு எழுந்த முளையம் தாயின் ஒற்றைப் படியையே கொண்டிருக்கும்; சில நாட்களில் இறந்துபோகும். ஆனால் முதலாவது கலப்பிரிவு நடக்கும் வேளையில் முட்டையை வெப்பத்துக்கு உட்படுத்தினால், பிரிவு தடைப்பட்டு, ஒற்றைப் படி தானே இரட்டிக்கும். இரண்டு படிகளும் அச்சொட்டாக ஒன்றாக இருப்பதால் எதுவும் எதையும் மறைக்க இயலாது. அத்தகைய மீனின் முட்டைகளிலிருந்து ஒரே வார்ப்பான மீன்களைப் பெறவும் முடிந்தது. 1981 ஆம் ஆண்டு ‘நேச்சர்’ சஞ்சிகையில் இந்த முறை வெளியாயிற்று.

நேயர்களே, இந்த ஆண்டைக் கவனியுங்கள். அவர் மீனிடம் திரும்பியது 1960களின் பிற்பகுதியில். கட்டுரை வந்தது 1981 இல். இடைப்பட்ட பத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் மீனைப் பற்றி அவர் வெளியிட்டவை மிகச் சொற்பம். விஞ்ஞான உலகிலே இது தற்கொலைக்கு ஒப்பானது என்று கருதப்படும். எல்லா மௌனமும் தவமாகிவிடாது என்பதையும் நான் அறிவேன். வெறும் சோம்பலும் மௌனமாகத்தான் இருக்கும். அன்றியும், முன்னரே பெயர் பெற்றிருந்தவர் என்பதால் அவருக்கு இந்தக் காலநீட்சி வாய்த்தது. புதிதாக வந்த ஓர் இளைஞருக்கு அது கிடைத்திருக்குமா என்பது ஐயமே. ஆகவே, அந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்றுதான் பார்க்க வேண்டும். மீன்கள் எந்த ஒளியில் முட்டையிடும், குஞ்சுகளுக்கு எதை ஊட்டுவது, நோய் வராமல் எப்படிக் காப்பது என்பவற்றை ஒவ்வொன்றாகக் கற்றார். கூட்டாளிகளைச் சேர்த்தார். கற்றதைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். வியட்நாம் போரை எதிர்த்து நின்ற மனிதருங் கூட அவர். ஆய்வுகூடத்துக்குள் அடைந்து கிடந்தவரல்லர்.

அறுவடையை அவர் காணவில்லை. 1984 ஆம் ஆண்டு, நீர்மூழ்கும் பயிற்சியின்போது ஏற்பட்ட மாரடைப்பினால் காலமானார். வயது ஐம்பத்தாறு. கண்ணின் விழித்திரையோடு ஒட்டிய நிறப்படலம் எத்தனை கலங்களிலிருந்து தோன்றுகிறது என்ற அவருடைய ஆய்வு, அவர் மறைந்து ஐந்தாண்டுகளின் பின், 1989 இலேயே அச்சாயிற்று.

தலைவர் போனபின் சிதறிப்போகும் முயற்சிகளை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். யூஜினில் அது நடக்கவில்லை. அவருடைய சகாவான சார்ள்ஸ் கிம்மல் மூளை பற்றிய வினாவைக் கையேற்றார். தனியொரு கலத்துக்குள் சாயத்தைச் செலுத்தி, அதன் வழித்தோன்றல்கள் எங்கே போய் என்னவாகின்றன என்று பின்தொடர்ந்தார். மிக இளம் பருவத்தில் ஒரு கலத்தின் விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கவில்லை என்பதும், சற்றுப் பிந்திய நிலையிலேதான் இந்தப் பகுதி மூளையாகும், அந்தப் பகுதி தசையாகும் என்று வரைபடம் வரைய இயலும் என்பதும் தெரியவந்தன. தலைவிதி பற்றி நிறையப் பேசுகின்ற நமக்கு இது சிந்திக்க வேண்டிய செய்தி. கலத்தின் விதியை அதன் பிறப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை; அது போய்ச் சேரும் இடமும் அயலாரும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

1995 இல் கிம்மலும் சகாக்களும் வரிமீன் முளையத்தின் வளர்ச்சியை ஏழு பருவங்களாக வகுத்து வெளியிட்டனர். உலகெங்கும் ஆய்வாளர்கள் கையாளும் அளவுகோலாக அது ஆயிற்று. அதை அறிந்தபோது எனக்குப் பிள்ளைத்தமிழே நினைவுக்கு வந்தது. செங்கீரை, சப்பாணி, அம்புலி என்று நம் புலவர் வகுத்ததும் உற்றுநோக்கலின் பயனே. பருவத்துக்குப் பெயரிட்டால்தான், ஒருவர் கண்டதை மற்றவரும் அதே இடத்திலே காண முடியும்.

பெயர் என்றதும் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. பழுதடைந்த பரம்பரையலகுகளுக்கு இவர்கள் இட்ட பெயர்களில் ஓர் இலக்கியச் சுவை உண்டு. 1991 இல் யூஜின் குழுவினர் விவரித்த ஒரு விகாரத்தில் இரு கண்களும் நடுவிலே ஒன்றாகிவிடுகின்றன. கிரேக்க காவியத்தின் ஒற்றைக்கண் அரக்கனை நினைத்து அதற்குச் ‘சைக்ளொப்ஸ்’ என்று பெயரிட்டனர். அந்த அலகு, தலையின் நடுப்பகுதியை உருவாக்கும் சைகை ஒன்றை அனுப்புவது என்பது 1998 இல் தெளிவாயிற்று. மனிதக் குழந்தைகளிலும் முன்மூளை இரண்டாகப் பிரியாமற் போகும் கொடிய குறைபாடு உண்டு. அதன் காரணங்களை விளங்கிக்கொள்ள இத்தகைய மீன்கள் துணைசெய்தன.

இன்னொன்றின் பெயர் ‘மைண்ட் பொம்’. மனக்குண்டு என்று சொல்லலாமா? சாதாரண முளையத்திலே ஒரு கலம் நரம்புக்கலமாகத் தொடங்கியதும், பக்கத்துக் கலத்தைப் பார்த்து, நீ சற்றுப் பொறு என்று சைகை காட்டுகிறது. அந்தப் பொறுத்திருக்கும் கலங்களே பின்னர் வேறு வகைக் கலங்களாகின்றன. இந்த விகாரத்தில் அந்தச் சைகை போய்ச் சேர்வதில்லை. எல்லாக் கலங்களும் ஒரேயடியாக முந்தியடித்து நரம்புக்கலங்களாகின்றன. தொடக்கத்தில் நரம்புக்கலங்கள் மிகுகின்றன. முடிவிலோ மூளை சீர்குலைகிறது. எல்லாரும் முதலிடத்துக்கு ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கிடையில் விதை யூஜினுக்கு அப்பாலும் போய்விட்டது. பழவீ ஆராய்ச்சிக்காக 1995 இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கிறிஸ்ரியான நுஸ்லைன்-வொல்ஹார்ட் அம்மையார், ஜேர்மனியின் ரியூபிங்கன் நகரிலே ஆயிரக்கணக்கான தொட்டிகளில் வரிமீன் வளர்த்தார். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலும் இன்னொரு குழு முயன்றது. 1996 டிசெம்பரில் இரு குழுவினரின் பெறுபேறுகளும் ஒரே சஞ்சிகையின் சிறப்பிதழில் 37 கட்டுரைகளாக வந்தன. 2013 இல் வரிமீனின் பரம்பரைத் தொகுதி முழுவதும் வாசித்து வெளியிடப்பட்டபோது, மனிதப் பரம்பரையலகுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதுக்கு இந்த மீனில் இணை உண்டு எனத் தெரிந்தது. அதே ஆண்டில், உயிரோடிருக்கும் மீன் குஞ்சின் மூளையிலே, ஏறக்குறைய ஓர் இலட்சம் நரம்புக்கலங்களிற் பெரும்பாலானவை ஒளிர்ந்து அடங்குவதைத் தனித்தனிக் கலமாகப் படம்பிடிக்கவும் முடிந்தது. ஒரு முழு மூளை வேலை செய்வதைக் கண்ணாற் காண வேண்டுமென்ற கனவு இந்தத் தெளிந்த உடலினாலேயே கைகூடியது.

எதிர்பாராத விளைவு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ஸ்ட்ரைசிங்கர் தமது பரிசோதனைகளில் அடையாளத்துக்காகப் பயன்படுத்திய வெளிர்நிற மீன் ஒன்று உண்டு. ‘கோல்டன்’ என்று பெயர். அதில் மாறியிருந்த அலகு எதுவென்று 2005 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தபோது, அதே அலகு மனிதரின் தோல் நிற வேறுபாட்டுக்கும் ஒரு காரணம் என்பது வெளிப்பட்டது. ஒரு புரதத்தில் ஒரேயோர் அமினோவமிலத்தின் மாற்றம்; அவ்வளவுதான். அந்தச் சிறு மாற்றத்தின் பெயரால் மனிதர் மனிதரை அடிமை கொண்டனர். நாமும் மணமகள் தேவை விளம்பரங்களில் நிறம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

இவற்றையெல்லாம் ஒரு தமிழாசிரியன் ஏன் சொல்ல வேண்டும்? ஒரு பாடம் பிள்ளைக்கு என்ன தந்தது என்பதைப் பெறுபேற்றுத் தாளைக் கொண்டே நாம் அளக்கிறோம். உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுத்த பிள்ளைக்குத் தமிழ் வீண் என்கிறோம். கலைப் பிரிவுக்கு வந்த பிள்ளைக்கு விஞ்ஞானம் விளங்காது என்று தீர்ப்புச் சொல்கிறோம். கலத்துக்கே முன்கூட்டி எழுதப்படாத விதியை, பதினாறு வயதுப் பிள்ளையின் நெற்றியில் எழுதிவிடுகிறோம். முளையம், நரம்புக்கலம், பரம்பரையலகு என்று நம் முன்னோர் ஒரு தலைமுறைக் காலம் உழைத்து ஆக்கிய சொற்கள் பாடநூலுக்குள்ளேயே இருந்து மங்கிவிடக் கூடாது. அவை கட்டுரையிலும் கதையிலும் வானொலியிலும் உலாவ வேண்டும். மூளையின் கதையைத் தமிழிலே சொல்லக் கேட்ட பிள்ளை, அந்தக் கதையைத் தனக்குரியதாக நினைக்கும்.

ஸ்ட்ரைசிங்கரை எண்ணும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. பத்தாண்டு மௌனத்தின் மதிப்பை அந்தப் பத்தாண்டுக்குள் நின்று அளக்க இயலாது. பின்வருபவர் கையிலே எடுத்து வேலை செய்யத்தக்கதாக எதை விட்டுச்செல்கிறோம் என்பதே அளவுகோல். அவர் விட்டுச்சென்றவை ஒரு வினா, ஒரு முறை, சில தொட்டி மீன்கள், கேட்டவர்க்குக் கொடுக்கும் பழக்கம் ஆகியவை. யூஜின் நகரில் பின்னர் அமைந்த வரிமீன் வள நிலையம், வேண்டுவோருக்கு உலகெங்கும் மீன் இனங்களை அனுப்பி அந்தப் பழக்கத்தையே தொடர்கிறது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் எமக்கும், எழுதுகின்ற உங்களிற் பலருக்கும் இந்த அளவுகோல் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.